சாம்பிராணி போடாத மாலை

பிரான்சி டீச்சர் அன்றைக்கு இன்னும் சாம்பிராணி போடவில்லை. ஆனாலும் கூடத்துச் சுவரிலிருந்த அலாரம் கத்தியது. நான்கு முறை கத்தும், கொஞ்சம் ஓயும், மறுபடி நான்கு முறை. கத்திய கையோடு பின்கட்டில் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. விளக்குகள் அணைந்தன. உள்ளறையில் அவள் புருஷன் அருள்நாதனின் மூக்குக்கு ஆக்சிஜன் அனுப்பும் மெஷினும் நீளமாக ஒரு கூவல் கூவி அடங்கிப்போனது.

அந்த அமைதிதான் அவளுக்குப் பயம். வாதம் வந்து விழுந்த பிறகு அவர் பேசுவதில்லை, விரலைக்கூட அசைப்பதில்லை. மகள் ஜென்சி மஸ்கட்டில் இருக்கிறாள். வீட்டில் அவளோடு பேசிக்கொண்டிருந்தது அந்த ஆக்சிஜன் மெஷினின் உஸ் உஸ் சத்தம் ஒன்றுதான்.

பகல் முழுவதும் ஐப்பசி மழை. வாழை மரங்கள் கரண்ட் கம்பி மேல் சாய்ந்து கிடப்பதாகப் பால்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஜீயபுரமே இருட்டாகக் கிடந்தது, போனில் சிக்னல் இல்லை, அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரும் முதல் நாளே தீர்ந்துவிட்டது. ஜெனரேட்டர் ஓடினால் அவருக்கு மூச்சு உண்டு, நின்றால் இல்லை.

டார்ச்சோடு பின்கட்டுக்கு ஓடினாள். சாரல் அடிக்கிறதென்று மதியம்தான் ஜெனரேட்டரைச் சுற்றித் தார்ப்பாய் கட்டியிருந்தாள். குளிருக்குப் பிள்ளையைப் போர்த்துவது மாதிரி இறுக்கமாக, மேல் ஓரத்தைச் சமையலறை ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டு. அதை விலக்கியதும் சூடும் டீசல் நாற்றமும் முகத்தில் அடித்தன. பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கியது. பொத்தானை அழுத்தினாள், கிளம்பியது. மாதாவே, நன்றி என்று சொல்லி, தார்ப்பாயை மறுபடி இழுத்துக் கட்டிவிட்டு வந்தாள்.

ஜெபமாலையைக் கையில் எடுத்தாள். அலாரம் கத்தியது. மறுபடி இருட்டு.

அந்த அலாரத்துக்கும் அவளுக்கும் வந்த நாளிலிருந்தே ஆகாது. மாலை ஜெபத்துக்குக் கரி மூட்டிச் சாம்பிராணி போட்டால் போதும், கத்தி ஊரைக் கூட்டும், கரண்ட் இல்லாத நாளென்றால் ஜெனரேட்டரையும் நிறுத்திவிடும். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் நஜிமுதீன்தான் இரண்டையும் மாட்டியவர். அவரைப் போனில் கூப்பிட்டு அவள் சண்டையே போட்டிருக்கிறாள்.

"டீச்சர், இன்ஜின் பொகை வீட்டுக்குள்ள வந்தா மனுஷங்க கன்னம் செவந்து, தூங்குன மாதிரியே போயிடுவாங்க. அதுக்குத்தான் அது ஜெனரேட்டரை நிறுத்துது. சாம்பிராணி போடறப்ப ஜன்னலைத் திறந்து வைங்க. வயரை மட்டும் புடுங்கிடாதீங்க."

"மாதாவுக்குச் சாம்பிராணி போட உங்க அலாரத்துக்கிட்ட பர்மிஷன் வாங்கணுமாங்க?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. நேற்றுப் போட்ட சாம்பிராணிதான் இன்னும் அதன் மூக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சனியன். டார்ச் வெளிச்சத்தில் அருள்நாதனின் மார்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, அலாரத்தைத் திருகி எடுத்து, வயரைப் பிடுங்கினாள். பேட்டரியில் அது கையிலேயே கத்தியது. துண்டில் சுற்றி அரிசி டிரம்முக்குள் போட்டு, அரிசியைத் தள்ளி மூடினாள்.

பின்கட்டுக்குப் போய்ப் பொத்தானை அழுத்தி, தார்ப்பாயை மறுபடி இழுத்துக் கட்டினாள். ஜெனரேட்டர் கிளம்பியது. இந்த முறை நிற்கவில்லை.

உஸ். உஸ். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மழைக்காக எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது, சமையலறை ஜன்னல் மட்டும் கொக்கி போய்த் திறந்தே கிடந்தது. கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தலை வலித்தது. மத்தியானம் சாப்பிடாததால் இருக்கும். சமையலறை வாசலில் விளக்கொளி கலங்கித் தெரிந்தது, யாரோ ஈர வேட்டியோடு நிற்பது மாதிரி. அருள்நாதனின் கண்கள் அவளைத் தாண்டி அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஏங்க, யாருங்க அங்க?"

கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கப் பயந்தாள். திரும்பவில்லை.

அவர் முகத்தைப் பார்த்தாள். கன்னம் நன்றாகச் சிவந்திருந்தது. எத்தனை மாதத்துக்குப் பிறகு இந்த நிறம்!

அப்போதுதான் கேட்டது.

டக், டக், டக், டக்.

நின்றது.

டக், டக், டக், டக்.

டிரம்மா? எழுந்தாள். கால் நிற்கவில்லை. உட்கார்ந்துவிட்டாள். சத்தம் டிரம்மில் இல்லை, பக்கத்தில். கட்டில் கம்பியில். அருள்நாதனின் ஆள்காட்டி விரல்.

அசைகிறது. விரல் அசைகிறது!

"ஜென்சிகிட்ட சொல்லணும்ங்க. அப்பா விரலை ஆட்டுறாருன்னு சொல்லணும்." நாக்கு குழறியது.

நான்கு. ஓய்வு. நான்கு. எங்கோ கேட்ட தாளம். எங்கே? நினைவு வரவில்லை. அவர் கண்கள் இப்போது அவள் மேல் இருந்தன. அகலமாக. இமைக்காமல். கண்ணீர் காதுவரை வழிந்திருந்தது.

"குளிருதா? இருங்க."

தலைமாட்டில் கிடந்த இன்னொரு துண்டை எடுத்தாள். அந்தக் கையைச் சுற்றினாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. இறுக்கமாக. பிறகு அதன் மேல் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

துண்டுக்குள் அவர் விரல் அவள் கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தது.