கல் வரிசையின் கடைசி ஆள்

தேத்தண்ணிக்காக வேலையை நிறுத்திய பிறகும் ஒரு கல் மேலே வந்தது.

சஜீவன் மட்டும்தான் அதைப் பார்த்தான். கல்லைக் கைக்குக் கை கடத்தும் வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் பாதைக்கு ஏறி வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து ஈரத்தின்மேல் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். கேத்தலின் மூடி தடதடத்தது. பைன் மரங்களுக்கிடையிலிருந்து இறங்கிய மூடுபனி சரிவை முதலில் முழங்காலளவுக்கும் பிறகு இடுப்பளவுக்கும் மறைத்து, கடைசியில் பாதையின் ஓரத்துக்கு அப்பால் மலையே இல்லை என்பதுபோல வெறும் வெள்ளையாக்கிவிட்டிருந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து பிளந்த வேரின் பச்சை வாடையும், நாள்பட்ட சேற்றின் புளித்த வாடையும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. அப்போதுதான் அந்தச் சத்தம். கல்லின்மேல் கல் வைக்கும் சத்தம். எட்டிப் பார்த்தான். சுவருக்காக அடுக்கிய கம்பிக்கூடையின் விளிம்பில், தலையளவு கல் ஒன்று நீர் வடிய உட்கார்ந்து, இன்னும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

யாரோ சரியாக வைக்காமல் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தான். கல் ஆடி ஓய்ந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. வைத்த கையை அவன் பார்க்கவில்லை. பனி கொஞ்சம் விலகி, மறுபடி மூடிக்கொண்டதை மட்டும் பார்த்தான்.

"கீழ யாராவது நிக்கிறாங்களா?"

"எல்லாரும் இங்கதான் சார் இருக்கோம். எண்ணிப் பாத்து ஆளுக்கொரு பிஸ்கட்டு குடுங்க" என்றாள் ஒருத்தி.

மண் தள்ளும் பெக்கோ இயந்திரத்தை ஓட்டும் முன்ஸிப் அதன் படியில் உட்கார்ந்தபடியே சிரித்தான். பதுளை டவுன்காரன், எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பான். "குரங்கு மச்சான். எங்கட பெக்கோவப் பாத்துப் பாத்து வேல பழகிட்டு. சம்பளம் கேக்காத வரைக்கும் நல்லந்தானே?"

பெண்கள் சிரித்தார்கள். வரிசைக்குத் தலைவியான பூவம்மா மட்டும் சிரிக்கவில்லை. கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். குடிக்கவில்லை.

கார்த்திகைப் புயல் பெயர்த்த பாதை அது. தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலிருந்து காட்டுக்குள் புகுந்து ஹாலிஎலை டவுனுக்கு இறங்க வேறு வழி கிடையாது. காட்டின் நடுவில், வளைவில், பள்ளத்தாக்குப் பக்கம் முழுவதும் சரிந்து போயிருந்தது. மேட்டைத் தடவிக்கொண்டு ஓர் ஆள் நடக்கலாம், வண்டி போகாது. அரசாங்கம் ஒப்பந்தம் விட்டது. கம்பிக்கூடைகளைக் கீழிருந்து படிபடியாக அடுக்கி, கல் நிரப்பிக் கட்டி, சுவர் எழுப்பி, அதற்குப் பின்னால் மண் கொட்டி அமுக்கினால் பாதை. கல் குவாரியிலிருந்துதான் வரவேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. லொறி முதல் ஏற்றத்திலேயே அச்சுவரை புதைந்தது. சரிந்த கல் கீழே குவிந்து கிடக்கிறதே, அதையே எடுப்போம் என்று சொன்னவன் சஜீவன். நல்ல கருங்கல். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்ததை வைத்துப் பார்த்தாலும் தவறில்லாத முடிவு.

அந்தக் கல்லுக்கு அடியில்தான் அவன் மனைவி கம்சலா இருந்தாள்.

புயல் இரவில் அவளுக்கு இரத்தப்போக்கு கண்டது. வயிற்றில் ஏழாம் மாதம். லயத்து ஆண்கள் அவளைப் போர்வையில் போட்டு, கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். சஜீவன் அம்புலன்சுடன் வளைவுக்கு இந்தப் பக்கம் நின்றான். மழைக்குள் டோர்ச் வெளிச்சங்கள் அசைந்து வருவது தெரிந்தது. கையை உயர்த்திக் கூப்பிட்டான். மலை ஒரு முறை இருமியது. வெளிச்சங்கள் இல்லை. பிறகு தோண்டினார்கள், மழை வந்தது, மறுபடி தோண்டினார்கள், மறுபடி மழை வந்தது. ஒருவரும் கிடைக்கவில்லை. தேடுதலை நிறுத்திவிட்டார்கள்.

பாதை வேலைக்கு மேற்பார்வையாளன் தேவை என்று கேள்விப்பட்டதும் போய் நின்றான். "ஒனக்கு அந்த எடம் வேணாம்யா" என்றார் ஒப்பந்தக்காரர் சிவஞானம். "எனக்குத்தான் வேணும்" என்றான். அழவில்லை. அழுகை எங்கே இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். பாதை இருந்திருந்தால் அவள் இருந்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை எஞ்சினியர் வருவார். அதற்குள் வண்டி ஓடாவிட்டால் காட்டுப் பாதையை அப்படியே கைவிடுவது என்று முடிவாகியிருந்தது. மேலே, பூவம்மாவின் மருமகள் ஜெயந்தினிக்கு மாதம் நிறைந்துகொண்டிருந்தது. இன்னொரு பிள்ளைத்தாச்சியைப் போர்வையில் தூக்க லயத்தில் யாரும் முன்வர மாட்டார்கள். மலை ஒரு தடவை எடுத்தாயிற்று. அடுத்த தடவைக்கு அவன் விடுவதாயில்லை.

மறுநாளும் மத்தியானமே பனி இறங்கிவிட்டது. வேலை வேகமாக நடந்தது. கல் கடத்தும் வரிசையில் யாரும் முகம் பார்ப்பதில்லை. முகம் பார்த்தால் கல் காலில் விழும். ஒரு பக்கம் திரும்பினால் கல், மறுபக்கம் திரும்பினால் கை. பனியில் அடுத்தவளின் முழங்கைக்கு மேல் எப்படியும் தெரியாது. வளையல் ஓசையும், மூச்சும், கல்லில் கல் உரசும் நெருப்பு வாடையும் கீழிருந்து மேலே ஓர் ஒழுங்கில் ஏறிக்கொண்டிருந்தன. அந்த ஒழுங்கு சட்டென்று அறுந்தது. பூவம்மா வரிசையை விட்டு மேலே ஏறி வந்தாள். சஜீவனைத் தனியே கூப்பிட்டாள்.

"தம்பி, ஒன்னு கேக்குறேன். கிறுக்கச்சின்னு சொல்லக்கூடாது."

"சொல்லுங்கம்மா."

"வரிசையில நான்தானே கடைசி ஆளு?"

"ஆமா."

"எனக்குக் கீழ யாரும் இல்லதானே?"

"இல்ல."

"அப்ப எனக்குக் கல்லு எடுத்துக் குடுக்குறது யாரு?"

அவன் சரிவின் வெள்ளைக்குள் எட்டிப் பார்த்தான்.

"கடைசி ஆளு குனிஞ்சு பொறுக்கணும் தம்பி. அந்தியில முதுகு விட்டுப்போகும். மூணு நாளா எனக்கு முதுகு நோகவே இல்ல. அதுலதான் கண்டுபுடிச்சேன். கைய நீட்டுனா கல்லு இருக்கு. நானும் சோலி முடியுதேன்னு வாங்கி வாங்கிக் குடுத்துட்டேன். இன்னைக்கு வெரலு பட்டுச்சு."

"எப்படி இருந்துச்சு?"

"சில்லுன்னு இருந்திருந்தாக்கூடப் பரவால்ல." அவள் தன் கையைப் படங்கில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். "வேல செய்யுற ஆளோட கை மாதிரி சூடா இருந்துச்சு."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் பெண்கள் ஒவ்வொருவராக மேலே ஏறி வந்துவிட்டார்கள். யாரும் கத்தவில்லை. மண்வெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டார்கள். மேல் வரிசையில் ஒரே ஒரு கூடை நிரம்பாமல் இருந்தது.

"எம் மருமகளுக்கு இந்தப் பாதை வேணும்" என்றாள் பூவம்மா. "மாரியம்மா மேல சத்தியமா வேணும். ஆனா என்னால அங்க நிக்க முடியாது."

"நீங்க போங்க. நான் நிக்கிறேன்."

"ஒன்னையும் இழுத்துக்கும்டா!"

"இழுக்கட்டும். பாப்போம்."

முன்ஸிப் பெக்கோவை நிறுத்திவிட்டு இறங்கினான். இப்போது சிரிப்பில்லை. "இவங்கள லயத்துல விட்டுட்டு வாறேன் மச்சான். கட்டாயம் திரும்பி வருவேன். நான் வரும் வரைக்கும் கீழ எதயும் கூப்பிடாத."

அவர்கள் மேட்டைத் தடவிக்கொண்டு வளைவைக் கடந்தார்கள். செருப்புச் சத்தம் தேய்ந்தது. அந்தி மங்கிக்கொண்டு வந்தது.

கூடைக்குள் ஒரு ஆள் நின்று கல்லை ஒவ்வொன்றாகப் பொருத்தினால்தான் சுவர் பிதுங்காது. சஜீவன் காலியான கூடைக்குள் இறங்கினான். கம்பி வலை மார்பளவு இருந்தது. எதிரே வெள்ளை. பைன் ஊசிகளிலிருந்து நீர் சொட்டியது. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் காடு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. கணுக்காலில் அட்டை ஏறியது. அவன் குனியவில்லை. கைகளைப் பனிக்குள் நீட்டினான்.

"குடு."

ஒன்றுமில்லை.

பயந்துதான் இருந்தான். அந்தப் பயத்தின் மேலேயே அவனுக்குக் கோபம் வந்தது. எடுத்ததெல்லாம் எடுத்துவிட்டு மலை இப்போது ஒளிந்துகொள்கிறதா?

"குடுங்கன்னு சொல்றேன்!"

எதிரொலி வரவில்லை. கல் வந்தது.

வாங்கினான். பொருத்தினான். திரும்பினான். அடுத்தது. சேறு பூசிய கைகள். மணிக்கட்டு வரைதான் தெரிந்தது. மயிர் அடர்ந்த ஆண் கை. நகமில்லாத கை. கம்பு சுமந்து காய்த்த கை. ஒரே மாதிரி அவசரம் எல்லாவற்றுக்கும். கல் கணுக்காலை மூடியது. அவன் ஏறி நின்றான். முழங்கால். ஏறி நின்றான். கீழே எங்கோ பலர் சேர்ந்து மூச்சு வாங்கும் சத்தம், வேலை செய்பவர்களின் சத்தம், பேச்சில்லாமல்.

"முகத்தக் காட்ட வேணாம்" என்றான். "கல்லக் குடுங்க, போதும்."

கல். கல். கல்.

பிறகு ஒரு சின்னக் கை.

சுண்டுவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருந்தது. சிறுமியாயிருந்தபோது பஸ் கதவில் நசுங்கிய விரல். நகம் எப்போதும் பிளந்தே வளரும். தூக்கத்தில் அவன் சட்டை நூலில் மாட்டிக்கொள்ளும்.

கல்லைப் பிடித்தான். கை விடவில்லை.

"கம்சலா."

விடவில்லை. இழுத்தது. மெதுவாக. குனிந்த அவன் முழங்கால்கள் கம்பி விளிம்பில் அழுந்தின. முகம் பனிக்குள் போனது. சேற்று வாடை. அதற்கடியில் அவளுடைய தேங்காயெண்ணெய் வாடை. ஒரு கணம் அவன் போக விரும்பினான். அவ்வளவு எளிதாக இருந்தது.

காலைக் கம்பியில் ஊன்றினான்.

"மேல ஒருத்தி இருக்கா. நீ போன மாதிரி அவ போகமாட்டா. விடு."

இழுப்பு நின்றது. ஆனால் விடவில்லை.

"விடு புள்ள."

விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கல் அவன் கைக்கு வந்தது. அதைக் கடைசி இடைவெளியில் வைத்தான். கூடையை விட்டு ஏறினான். மூடியை இழுத்து, குறட்டால் கம்பியை முறுக்கினான். முறுக்குவதை நிறுத்தவில்லை.

"மச்சான்!" முன்ஸிப் ஓடி வந்தான். "ஜெயந்தினிக்கு வலி வந்திட்டு! தோட்டத்து வேன் பின்னால வருது!"

முன்ஸிப் பாய்ந்து ஏறினான். பெக்கோ உறுமியது. மண்ணைத் தள்ளியது. வாளியால் அடித்து அமுக்கியது. வளைவில் வேனின் வெளிச்சம் வந்து நின்றபோது மண் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. பூவம்மா கதவுக்கு வெளியே தலையை நீட்டினாள். உள்ளே முனகல்.

"தம்பி, தாங்குமா?"

"கீழ நின்னு பாக்குறேன். வாங்கன்னு சொன்னா வாங்க."

முதல் பாரம் ஏறும்போது ஒருவன் சுவரின் அடியில் நின்று பார்க்க வேண்டும். டோர்ச்சை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினான். கல்குவியலின்மேல் நின்றான். பனிக்குள் யாருமில்லை. கைகள் இல்லை. சுவர் மட்டும் நின்றது.

"வாங்க!"

முன் சக்கரம் ஏறியது. சுவர் முனகியது. கற்கள் உள்ளே புரண்டன. நடுக்கூடை பிதுங்கியது. ஒரு கம்பி அறுந்து தெறித்தது. நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தான்.

கூடைக்குள்ளிருந்து விரல்கள் வெளியே வந்தன.

ஒரு கூடையில் அல்ல. அடிவரிசையிலிருந்து மேல்வரிசை வரை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்து. கம்பியை உள்ளேயிருந்து பற்றின. இழுத்தன. பிதுங்கிய சுவர் உள்ளே போனது. கணுக்கள் வெளுத்தன. மேல் வரிசையில் ஒரு பிளந்த நகம்.

"தம்பி! வரலாமா?" பூவம்மாவின் குரல்.

அவன் டோர்ச்சைத் தாழ்த்தவில்லை.

"நிக்காம வாங்க!"

வேன் கடந்தது. ஜெயந்தினியின் அலறல் அவன் தலைக்கு மேலாகப் போனது, உயிரோடு, கோபத்தோடு. வளைவு திரும்பி, ஹாலிஎலைப் பக்கம் இறங்கி, எஞ்சின் சத்தம் மெலிந்தது. முடிந்தது. விரல்கள் உள்ளே போகும் என்று காத்திருந்தான்.

போகவில்லை. கம்பி தோலுக்குள் இறங்கியிருந்தது. இறங்கியபடியே பிடித்திருந்தன.

மேலேயிருந்து முன்ஸிப் கத்தினான், சந்தோஷத்தில் குரல் உடைந்து. "பாத நிக்குது மச்சான்! காலைல லொறிகள வரச் செல்லவா?"

சஜீவன் வெளிச்சத்தை ஒவ்வொரு கூடையாக நகர்த்தினான். அவன் பதில் சொல்லும் வரை சுவர் அசையவில்லை.

"வரச் சொல்லு."

சுவர் முழுவதும் விரல்கள் ஒருமுறை தளர்ந்தன. பிறகு, அடுத்த பாரத்துக்காக, கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டன.