குடிலுக்குப் பாசி

கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு முதல் நாள் கண்டிக் கடைவீதியில் எள் விழ இடமிருக்காது. புடவைக்கடை முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி மத்தியானமே லீவு வாங்கிக்கொண்டு, மோகனராஜ் ஊருக்குப் போகும் பன்வில பஸ்ஸில் ஏறிவிட்டான். மடியில் மகள் மதுஷாவுக்கு வாங்கிய சிவப்புச் சட்டை. தேயிலைத் தோட்டத்து வளைவிலேயே அவள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாள். வருஷா வருஷம் அப்படித்தான்.

அன்று யாரும் வரவில்லை.

தேயிலை மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. லயத்து வரிசை வீடுகளின் வாசல்களில் சனம் பேச்சுமூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தது. கேக் வாசம் இல்லை. ஈரச் சாக்கை எரித்த மாதிரி ஒரு நாற்றம் மட்டும் இருந்தது. வீட்டுக்குள் மனைவி சஞ்சீவனி, தண்ணீர் கொதிக்கிற கேத்தலை வெறுங்கையால் ஏந்திக்கொண்டு நின்றாள்.

“அடியே, கை வேகுதுடி!”

“தெரியுதுங்க. வலிக்கல.”

மதுஷா மூலையில் பாலன் இயேசுவின் குடிலுக்கு முன்னால் இருந்தாள். குடிலுக்குப் பாசி எடுக்கப் பிள்ளைகள் பாறைக்குப் போவது அந்தத் தோட்டத்து வழக்கம். போன வாரம்தான் வானத்திலிருந்து ஒரு நெருப்புத் துண்டு விழுந்து அந்தப் பாறையைப் பிளந்திருந்தது. பிளவுக்குள் பாசி செழித்துக் கிடந்தால் எந்தப் பிள்ளை சும்மா திரும்பும்? வீட்டுக்கு வீடு அள்ளி வந்துவிட்டார்கள்.

அது பச்சையாக இல்லை. சாம்பல் நிறம். குடிலில் வைத்த பொம்மை மாட்டையும் மாதாவையும் மூடி வளர்ந்திருந்தது. மோகனராஜ் குனிந்து பார்த்தான். அவன் மூச்சுப் பட்டதும் பாசி மொத்தமும் அவன் பக்கம் திரும்பியது.

அவன் சட்டென்று பின்வாங்கினான்.

“மேலருந்து வந்திருக்குப்பா,” மகள் கிசுகிசுத்தாள். “அதுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல. நம்மகிட்ட இருக்கிறத எடுத்துக்குது. மொதல்ல வலி. அப்புறம் பயம். நீங்க வந்தா எனக்கு சந்தோஷமா இருக்கும்தானே? இப்ப இல்லப்பா.”

அவள் விரலிடுக்குகளில் சாம்பல் நிறம் முளைத்திருந்தது.

தொடக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் பெற்ற பிள்ளை. அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம் என்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

அவளுடைய சின்னக் கை அவன் கழுத்தைச் சுற்றியது.

குளிர்ந்தது.

குழாயடிக்கு வருவதற்குள் படபடப்பு அடங்கிவிட்டது. நடை தளர்ந்தது. தோளில் இருப்பது மதுஷா, தன் மகள் என்பதெல்லாம் தெரிந்தது. தெரிந்ததோடு சரி. அவளை இறக்கிவிட்டான். இருவரும் வந்த வழியே வீட்டுக்கு நடந்தார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் கீழ்ப் பிரிவிலிருந்து கரோல் கோஷ்டி பாடிக்கொண்டு ஏறி வந்தது. கிட்டாரோடு முன்னால் வந்த அஜந்தன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

“என்னண்ணே, மேல் லயம் இவ்வளவு அமைதியா இருக்கு? அட, பாசின்னா இது பாசி! கோயில் குடிலுக்குப் பத்தலைன்னு ஃபாதர் சொன்னாரு. கொஞ்சம் குடுங்களேன். ராப்பூசைக்கு நாலு தோட்டத்துச் சனமும் வரும். சின்னஞ்சிறுசுங்க எல்லாம் பாலனுக்கு முத்தம் குடுக்குமே.”

கொடுக்கக்கூடாது. அது மோகனராஜுக்கு நன்றாகவே விளங்கியது. அந்தப் பிள்ளைகளின் முகங்கள்கூட ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மாட்டேன் என்று சொல்ல மனதில் ஒரு பயம் வேண்டும், ஒரு இரக்கமாவது வேண்டும். உள்ளுக்குள் தேடிப் பார்த்தான்.

ஒன்றும் இல்லை.

இரண்டு கையாலும் பிய்த்து, கூடை நிறையக் கொடுத்தான்.

“அப்பப்பா, என்ன குளிர் இது!” என்று சிரித்துக்கொண்டே அஜந்தன் கூடையை வாங்கி, தன் ஆட்களிடம் கை மாற்றினான். கோஷ்டி பாடிக்கொண்டே கோயில் மேட்டில் ஏறியது. மோகனராஜ் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். முதலில் கிட்டார் நின்றது. அப்புறம் பாட்டு ஒவ்வொரு குரலாக அடங்கியது.

காலடிச் சத்தம் மட்டும் நிற்காமல் கோயிலை நோக்கிப் போனது.