ரூபன் நிறுத்தும் இடம்

காலையில் பெரம்பூரே பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவர் கேட்பது இன்னொருவர் காதில் விழாது, அவ்வளவுதான். காதுக்குள் இருக்கும் செவிமணி மனநிலையை அளந்து சொல்லும். பாட்டாக்கி அதற்கேற்ற பாட்டை அந்த நொடியே செய்து தரும். கேட்டு முடித்ததும் அது அழிந்துவிடும். ஒரே பாட்டை இரண்டாம் முறை கேட்பதும் அடுத்தவர் டூத்பிரஷ்ஷில் பல் தேய்ப்பதும் ஒன்று என்று நினைக்கிற காலம் அது.

அந்தப் பாட்டாக்கிக்குத் தீனி போடுகிற வேலை குழலிக்கு. பழைய ஒலிநாடாக்களில் இரைச்சலை நீக்கி, தடுமாற்றங்களை வெட்டி, வீட்டிலிருந்தே அனுப்பிவைப்பாள். இயந்திரம் மெட்டையும் குரலையும் உறிஞ்சிக்கொண்டதும் மூலநாடா உருக்கப்பட்டுவிடும்.

அன்று வந்தது ரூபன் செல்வதாஸின் நாடா. நூற்றிருபது வருடங்களுக்கு முன் ராயபுரத்தில் கிட்டாரும் நீளமுடியுமாக ராக் பாடியவர். போதையிலும் மனநோயிலும் சிக்கி, இருபத்தாறு வயதில் மேடையை விட்டு இறங்கிவிட்டார். பகல் பன்னிரண்டுக்குள் நாடா அலுவலகத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும் என்பது உத்தரவு.

"மஞ்சள் மழையில வீடு மிதக்குது, மீனே, வாசல் எங்க இருக்குது?"

அதற்குமேல் பாட்டு நின்றுவிடும். நான்கு விநாடி மௌனம். பிறகு ரூபன், "மறந்துபோச்சு" என்பார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். மறுபடி தந்தியைத் தட்டித் தொடர்வார். வெட்ட வேண்டிய இடம் அதுதான். சரியாகப் பிடிப்பதற்காகக் குழலி மேசை ஒலிபெருக்கியில் நான்கு முறை ஓடவிட்டாள். வந்தது வினை. காபி கலக்கும்போது அவள் வாய் தானாக அதையே முணுமுணுத்தது.

"அக்கா, தப்பாப் பாடற."

கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. பின்னறையிலிருந்து வந்தது தம்பி சேந்தனின் குரல். மனசுக்கு முடியாமல் அந்த அறைக்குள் போனவன், பதினொரு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. மாத்திரை சாப்பிடுவான், சோறு சாப்பிடுவான். செவிமணியை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு, 'எனக்கு எதுவுமே ஆகாத மாதிரி அது பாடுது' என்று காகிதத்தில் எழுதிக்கொடுத்திருந்தான். அவன் பேசினால் போதும் என்று குழலி வேண்டாத தெய்வமில்லை.

"வாசல் எங்கன்னு கேட்டுட்டு அவரு நிறுத்துவாரு. நீ நிக்காமப் போயிட்ட."

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"சுவர் வழியா நாலு தடவை கேட்டுச்சே." கதவு ஒரு சாண் திறந்தது. "அவருக்கு மறந்துபோகுது. அதைச் சொல்லிட்டு மறுபடி பாடறாரு. எனக்கும் அப்படித்தான்க்கா, நடுவுல ஒண்ணுமே இருக்காது. அந்த இடத்தை வெட்டிடாத."

குழலி அழுதாள். அழுதுகொண்டே காபியை இரண்டு டம்ளரில் ஊற்றினாள்.

பன்னிரண்டு மணிக்கு மேலதிகாரி தணிகைவேல் தொடர்பில் வந்தார். "ரூபன் நாடா இன்னும் வரலையே, குழலி."

"வராது சார். அதை வெட்டவும் மாட்டேன், உருக்கவும் தர மாட்டேன். வேலை போனாப் போகட்டும்."

அவர் விதிகளை அடுக்க ஆரம்பித்தார். பின்னால் சேந்தன் பாட ஆரம்பித்தான். கரகரத்த, பழக்கம் விட்டுப்போன குரல். குழலியும் சேர்ந்துகொண்டாள். வாசல் எங்கே என்று கேட்டதும் இருவரும் ஒன்றாக நிறுத்தினார்கள். நான்கு விநாடி கழித்து இரண்டு வாயிலிருந்தும் "மறந்துபோச்சு" வந்தது. இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

தணிகைவேல் விதியைப் பாதியில் விட்டிருந்தார். "ரெண்டு பேருக்கு எப்படி ஒரே பாட்டு தெரியும்?"

"சேர்ந்து கேட்டோம் சார்."

தணிகைவேல் தணிந்த குரலில் சொன்னார்: "எனக்குக் கல்யாணமாகி முப்பது வருஷமாச்சு, குழலி. நானும் என் வீட்டுக்காரியும் ஒரு பாட்டைக்கூடச் சேர்ந்து கேட்டதில்ல. இருங்க, அவளைக் கூப்பிடறேன். தம்பியை முதல்லேர்ந்து பாடச் சொல்லுங்க."