சிவப்பில் விட்ட சோதனை

முந்தைய நாள் சிவப்பில் விட்டுச் சென்ற சோதனை பச்சையாகியிருந்தது.

மடிக்கணினியைத் திறந்தவளுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். கணினி நிரல் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் சிறு சோதனையை முன்னதாக எழுதி வைத்துவிட்டு, அதன்பின் நிரலை எழுதுவது அவளுடைய வழக்கம். தேறாத சோதனை திரையில் சிவப்பாகத் தெரியும், தேறியது பச்சையாகும். ஒவ்வொரு நாளும் எழுந்து போகுமுன் ஒன்றை வேண்டுமென்றே சிவப்பில் விட்டுச் செல்வாள். மறுநாள் எங்கே தொடங்குவது என்று திகைக்காதிருக்க அவள் கண்ட வழி அது. பேறுகால விடுப்பு நீண்டு, வேலையும் போய், மரத்துவிட்ட விரல்களை அவள் இப்படித்தான் மீட்டுக்கொண்டிருந்தாள், குழந்தை உறங்கும் பிற்பகல்களில், உணவு மேசையின் ஓரத்தில். வரும் திங்களன்று நேர்முகத் தேர்வு. அதையும் விட்டால் தன்னை இனி எவரும் அழைக்கப்போவதில்லை என்பதை அவள் அறிந்திருந்தாள்.

மாலையில் கணவனிடம் கேட்டாள். அவன் காலணியைக் கழற்றியபடியே சிரித்தான்.

"உன் கம்ப்யூட்டரை நான் எதுக்கும்மா தொடப்போறேன்? நீயே எழுதிட்டு மறந்திருப்ப. உனக்குத் தூக்கம் பத்தல."

"நான் எழுதினது எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"சரி, யாரோ உன் வேலையை முடிச்சுக் குடுத்தா நல்லதுதானே. நீ கொஞ்சம் சும்மா இரேன்."

சும்மா. தொலைபேசியில் மாமியார் நாள்தோறும் சொல்லும் சொல்; அடுத்த வீட்டுப் பெண்மணி சிரித்த முகத்துடன் சொல்லும் சொல். பால் புட்டியைத் தேய்த்த தேய்ப்பில் தூரிகை வளைந்துவிட்டது. அன்றிரவே கடவுச்சொல்லை மாற்றினாள்.

மறுநாளும் பச்சை.

இம்முறை நிரலை வரி வரியாகப் படித்தாள். அவள் மட்டுமே பயன்படுத்தும் சுருக்கப் பெயர்கள், ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் அவள் விடும் இரண்டு வெற்று வரிகள், யாவும் அப்படியே இருந்தன. அவள் எழுதக்கூடியதைக் காட்டிலும் சற்று நன்றாகவும் இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்து, விசைகள் தெறித்துவிடும் போல் அடித்து, மீண்டும் எழுதத் தொடங்கினாள். பாதியில் குழந்தை விழித்து வீறிட்டான். பல் முளைக்கும் பருவம். சில நாட்களாகவே அவனுடைய உறக்கம் குறைந்து வந்தது. அவள் புதிய சோதனை ஒன்றைச் சிவப்பில் விட்டு, கோபத்தில் அதன் கீழே ஒரு குறிப்பு எழுதினாள்:

யாராக இருந்தாலும் என் வேலையைத் தொடாதே. முடிந்தால் இந்த வீட்டில் எனக்கு ஒரு மணி நேரம் அமைதியைக் கொடு.

இரண்டாவது வாக்கியம் உறுத்தியது. அழிக்கத்தான் நினைத்தாள். அழுகை ஓங்கவே, அழிக்காமல் எழுந்து போனாள்.

மறுநாள் பிற்பகல் மழையால் இருட்டிக் கிடந்தது. அறைக்குள் கட்டிய கொடியில் உலராத துணிகளின் புளித்த வாடையும், கழுவாத புட்டியில் திரிந்த பாலின் வாடையும் ஒன்றாய்க் கலந்து நின்றன. கணவன் அலுவலகத்தில் இருக்க, குழந்தை உள்ளறைத் தொட்டிலில் உறங்க, பாதி திறந்த கதவின் நிழல் தரையில் அவளுடைய நாற்காலிவரை நீண்டு கிடந்தது. கணினியைத் திறந்தாள். அவளுடைய சோதனை சிவப்பிலேயே இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

அதன் கீழே அவள் எழுதாத ஒரு சோதனை இருந்தது. அதுவும் சிவப்பு.

வீடு அமைதியாக இருக்க வேண்டும்.
எதிர்பார்த்தது: அமைதி. கிடைத்தது: அழுகை.

அழுகை ஏதும் இல்லை. மழைச் சத்தம் மட்டுமே. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அப்போது உள்ளறையில் குழந்தை முனகினான். பின்பு அழுதான்.

அவள் அந்த வரிகளை அழித்தாள். அவை திரும்ப வந்தன. மீண்டும் அழித்தாள். மீண்டும் வந்தன. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்த பின்னும் விசைகளின் ஓசை நிற்கவில்லை. எந்த விசையும் அமுங்கவில்லை. சோதனைக்குரிய நிரல் திரையில் வரிவரியாய் இறங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய சுருக்கப் பெயர்கள். அவளுடைய இரண்டு வெற்று வரிகள்.

"எனக்கு அமைதி வேண்டாம்," என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். "அவன் அழட்டும். விடு அவனை."

பச்சை.

அழுகை நடுவில் நின்றது. விம்மல் இல்லை. மூச்சு வாங்கும் ஒலி இல்லை. கத்தரித்தாற்போல்.

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் நகர்ந்தது. கதவை நோக்கி ஓரடி வைத்தாள். பின்னால் விசைகளின் ஓசை. திரும்பக்கூடாது என்று நினைத்தாள். கழுத்து திரும்பியது.

அம்மா நாற்காலியில் இருக்க வேண்டும்.
எதிர்பார்த்தது: அமர்ந்திருக்கிறாள். கிடைத்தது: நிற்கிறாள்.

சிவப்பு.

வரிகள் இறங்கின. கதவு எட்டும் தூரம்தான். கால் பின்னோக்கி நடந்தது. முழங்கால்கள் மடிந்தன. மெல்ல. தாமாகவே.

திரையின் பச்சை ஒளி, விசைகளின் மேல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்த அவளுடைய இரு கைகளிலும் விழுந்தது. உள்ளறைக் கதவு பாதி திறந்தே இருந்தது. வீடு அமைதியாக இருந்தது. விரல்கள் எழுதத் தொடங்கின.