பதினேழாம் கட்டத்து நட்சத்திரம்

வானம் பார்க்கும் சங்கத்துச் செயலாளர் போனில் சொன்ன செய்தி வேறு யாருக்காவது வந்திருந்தால் தெருவையே கூட்டி இனிப்பு கொடுத்திருப்பார்கள். கண்ணாடிக்காரர் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார்.

“என் டெலஸ்கோப்லயும் தெரியுது சார்! நீங்க சொன்ன அதே இடம். மூணு நாள் கழிச்சு மேகம் விலகினதும் முதல்ல அதைத்தான் பார்த்தேன். சாயங்காலம் மண்டபத்து மாடிக்கு வந்துடுங்க. ஊரே வருது.”

“தெரியுதா?” என்றார் கண்ணாடிக்காரர்.

“என்ன சார், நீங்களே கேக்கறீங்க?”

கேட்காமல் எப்படி இருப்பார்? அந்த நட்சத்திரம் வானத்தில் கிடையாது. போன வாரம் ஒரு மத்தியானம், வீட்டு மேசையில் உட்கார்ந்து, கணினியில் அவரே வெட்டி ஒட்டியது.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. முப்பது வருடமாக ஊரார் கண்ணைச் சோதித்து, ‘இப்ப நல்லா தெரியுதா, முன்னாடி நல்லா தெரிஞ்சுதா’ என்று கேட்டே தொண்டை தேய்ந்தவர். கடையைச் சாத்தினால் வானம் பார்க்கும் சங்கம். அங்கே வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள். அவரவர் கட்டத்தைப் படமெடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டு, புதிதாக ஏதாவது புள்ளி முளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்டுபிடித்தவர் அதற்குப் பெயர் வைக்கலாம். இவருக்கு வாய்த்தது பதினேழாம் கட்டம். பன்னிரண்டு வருடத்தில் ஒரே ஒருமுறை புள்ளி வந்தது. லென்ஸில் உட்கார்ந்திருந்த கொசு. அன்றிலிருந்து சங்கத்தில் அவர் ‘கொசு விஞ்ஞானி’.

மனைவியும் சேர்ந்து சிரிப்பாள். “அவ்வளவு தூரத்துல இருக்கறதெல்லாம் தெரியுது. இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பி என்னையும் பாருங்களேன்.”

அவள் ஆஸ்பத்திரியில் கண்மூடிய மாலையிலும் அவர் மாடியில்தான் இருந்தார். வால்நட்சத்திரம் வந்திருந்தது. போன் வெளிச்சம் இருட்டைக் கெடுக்கும் என்று அணைத்து வைத்திருந்தார். மகள் இருபத்தொரு முறை அழைத்திருந்தாள். அதன் பிறகு ஒன்றரை வருடம் அவள் அவரை அப்பா என்று கூப்பிடவில்லை. ‘சாப்பாடு மூடி வெச்சிருக்கு.’ ‘கேஸ் தீர்ந்துடுச்சு.’ அவ்வளவுதான் பேச்சு.

ஒரு நட்சத்திரம் கிடைத்து, அதற்கு அவள் அம்மா பெயரை வைத்தால்? புத்தி அப்படித்தான் போயிற்று. வானத்துப் படத்திலிருந்தே வேறொரு நட்சத்திரத்தை நகலெடுத்தால் செயலாளர் பிடித்துவிடுவார். ஓரம் மங்கலான ஓர் உருண்டை வெளிச்சம், வேறெங்கும் இல்லாததாக வேண்டும். தேடியபோது மனைவியின் கடைசிப் படம் கண்ணில் பட்டது. கட்டிலில் சாய்ந்து நேராக அவரையே பார்க்கிறாள். இடது கண்மணியில் விளக்கு வெளிச்சம், ஒரு வெள்ளைப் பொட்டாக. அதை வெட்டி எடுத்தார். கை தவறிக் கீழ் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தது. சிறிதாக்கினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டு, பதினேழாம் கட்டத்துப் படத்தில் ஒட்டி, மனைவி பெயரோடு சங்கத்துக்கு அனுப்பினார்.

மகள் அந்தப் படத்தைப் பார்த்து, “அம்மா பேராப்பா?” என்று கேட்டு அழுதாள்.

அப்பா. திருடிச் சம்பாதித்த சொல்.

இன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது என்று சட்டை மாட்டினார். கூடத்துச் சுவரில் அதே கடைசிப் படம், சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதைத் தாண்டும்போது ஏதோ குறைந்தது. திரும்பி வந்து பார்த்தார். வலது கண்ணில் விளக்கு மினுங்கியது. இடது கண் வெறும் கருப்பு. தூசியாக இருக்கும் என்று சட்டைமுனையால் துடைத்தார். இன்னொரு முறை துடைத்தார். அவர் வெட்டியது கணினியில் இருந்த பிரதியை. இது போன வருடமே அச்சடித்து மாட்டியது.

மண்டபத்து மாடியில் ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். பகலெல்லாம் காய்ந்த சிமெண்டுத் தரை செருப்பைத் தாண்டிச் சுட்டது. கொசுவத்திப் புகைக்கு நடுவே, தொலைநோக்கியைத் திருப்பும் சின்ன மோட்டார் தொண்டைக்குள் முனகுவதுபோல ஓடிக்கொண்டிருந்தது. “நம்ம ராக்கெட்டு அங்க போக எத்தனை நாள் ஆகும் சார்?” என்று யாரோ கேட்க, “டிக்கெட் போட்டுடலாமா?” என்று இன்னொருவர் சிரித்தார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நாள் கழித்து.

“சார், ஒரு விஷயம் சொல்லணும்...” என்று செயலாளரிடம் ஆரம்பித்தார்.

“மைக்ல சொல்லுங்க சார். முதல்ல எல்லாரும் பார்க்கட்டும்.”

தப்பித்தோம் என்று இருந்தது. அப்படி இருந்ததற்கும் வெட்கமாக இருந்தது.

முதலில் பார்த்த நாலு பேரும் ஆகா என்றார்கள். அவர் நம்பவில்லை. எழுத்துப் பலகையின் கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிப்பவர்களை அவர் கடையில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்! ஐந்தாவதாகத் தையல்கடை அம்மா குனிந்தாள்.

“கீழ ஒரு கீறல் மாதிரி இருக்கே, அது என்னங்க?”

அவர் மகள் பிடியிலிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டார்.

அடுத்தவர் பேருந்து ஓட்டுநர். “சுத்தி வேற நட்சத்திரமே காணோமே. வட்டமா, கிணறு மாதிரி இருட்டா இருக்கு.”

“மெல்லிய மேகம்,” என்றார் செயலாளர்.

மேகம் இல்லை.

அதற்கடுத்த பெண் நிமிரவே நேரமாயிற்று. “அந்த இருட்டைச் சுத்தி ஒரு வளையம். பழுப்பா... கோடு கோடா.”

அது என்னவென்று அந்த மாடியில் முதலில் தெரிந்தது கண்ணாடிக்காரருக்குத்தான். முப்பது வருடம் கடையில் தினமும் பார்த்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. பார்த்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து, அவரை ஒருமுறை பார்த்து, உடனே தலையைக் குனிந்துகொண்டார்கள். அடுத்த வீட்டுப் படுக்கையறைக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்டவர்களைப்போல. ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். இன்னொருவர். வரிசையே கரைந்தது. மைக் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

மகள் குனிந்தாள். வெகுநேரம் அசையவில்லை. முகத்தை எடுக்காமலே கேட்டாள்.

“இதை எங்கேருந்துப்பா எடுத்தீங்க?”

அவள் விலகி நின்றாள். இடம் விட்டாள். வேறு வழியில்லை. கண்ணை வைத்தார்.

வெள்ளைப் பொட்டு. கீழே அவர் கை தவறிய கீறல். கருப்பு. பழுப்பு வளையம். அதற்கப்பால் ஈரமாக, வெளேரென்று. மெல்லிய சிவப்பு நரம்புகள். அது அவரைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில், வெகுதூரத்தில், எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வழக்கமாகப் பார்ப்பதுபோல.

மோட்டார் நின்றது.

கண் மெல்லத் திரும்பியது. இந்தப் பக்கம்.

அவர் பின்வாங்கி வெறும் கண்ணால் வானத்தைப் பார்த்தார். உச்சியிலிருந்து நட்சத்திரங்கள் வரிசை வரிசையாக அணைந்துகொண்டே கீழே வந்தன. தெருக்கோடிக் கூரைகள் வரை வந்தன. வானம் முழுக்க இருட்டு.

பிறகு கீழிருந்து, நிதானமாக, அந்த இருட்டு இமைபோல மேலே எழுந்தது.