தேய்மானம்

கிராமபோனின் கைப்பிடி அளவில் கச்சிதமாகத்தான் இருந்தது. கோகிலவாணிக்கு அதுதான் பிடிக்கவில்லை. நூறு வருஷம் சாவி கொடுத்த பெட்டியில் கட்டைவிரல் படுகிற இடத்தில் முலாம் போயிருக்க வேண்டாமா? இதிலோ முழுசாகப் பளபளத்தது. மாற்றியதுதான். வாங்கப் போகிறவர்கள் திருச்செங்கோட்டில் அவள் வீட்டுக்குப் பெட்டியை அனுப்புவதே இதற்காகத்தான். ஆள் அசந்தால் நாலு பெட்டியின் உறுப்புகளைச் சேர்த்து அசல் என்று தலையில் கட்டிவிடுவார்கள். மாற்றுப் பாகம் அளவில் தப்பிவிடும், தேய்மானத்தில் மாட்டிக்கொள்ளும் என்பாள்.

"காப்பி" என்று நீட்டினான் தமிழரசு. பதினோரு மாதம் ரிக் வண்டியோடு ராய்ப்பூர்ப் பக்கம் போர்வெல் போட்டுவிட்டு நேற்று முன்தினம்தான் வீடு திரும்பிய புருஷன். டம்ளரை வாங்கும்போது விரல் பட்டது. மெத்தென்றிருந்தது. பன்னிரண்டு வருஷம் இரும்பு ராடு தூக்கிக் காய்த்துப்போன கை அது. அங்கே காய்ச்சலில் கிடந்தானாம், தோல் உரிந்திருக்கும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அவன் எதிரே உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினான். பெட்டிக்குள் சுருள்வில் கரகரவென்று முறுக்கேறியது, கிரீஸும் பழைய மரமும் கலந்த வாடை கிளம்பியது, ஜன்னல் வழியாக வந்த சாயங்கால வெயில் அவன் முகத்தின் ஒரு பக்கத்தில் நின்றது, அந்த வெளிச்சத்தில் அவன் காதையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு எது குறைகிறதென்று பிடிபடச் சற்று நேரமாயிற்று. குலசாமி கோயிலில் குத்திய துளை. அதைக் காணோம்.

"ஏனுங்க, காதுத் தொளை தூந்துருச்சா?"

"தூந்துருச்சு."

தூர்ந்தாலும் வடு இருக்குமே. திருகாணி இருந்த ஓட்டையை என்னதான் மெழுகு வைத்து அடைத்தாலும் மரம் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே ஒன்றுமில்லை. கட்டினவனை அசல் இல்லை என்றால் ஊர் சிரிக்காதா? அவன் யாராகவோ இருந்துவிட்டுப் போகட்டும், ஆறு வயது மகள் அனிதாவை மட்டும் அவனோடு தனியே விடக்கூடாது.

"ஊட்டுக்குள்ளயே வெளையாடு சாமி, வெளிய போவக் கூடாது" என்று மகளிடம் சொல்லிவிட்டு, தம்பிக்குப் போன் போடச் சமையலறைக்குள் போனாள். ஒரு நிமிஷம்தானே. ரிங் போய்க்கொண்டே இருந்தது.

"சாமி, வா, கடைக்கு." வாசலில் அவன் குரல். "நாங்க போறோம்."

போறோம்.

இந்த ஊரில் வாசல்படி தாண்டுகிற எவரும் வாரேன் என்றுதான் சொல்வார்கள். சண்டை போட்டுக் கிளம்பினாலும் தமிழரசு அப்படித்தான் சொல்வான்.

ஓடினாள். தெரு காலி.

"இங்க யாரும் வரலீங்களே" என்றார் கடைக்காரர்.

கோயில் பக்கம். பள்ளிக்கூடத்துச் சந்து. கிணற்று மேடு. இல்லை. எங்கேயும் இல்லை.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அனிதா கையில் தேன்மிட்டாய். அதே பாவாடை. அதே ரெட்டைச் சடை. அள்ளி அணைத்தாள். போன உயிர் திரும்பி வந்தது.

"எங்கடி போனே, என் சாமி?"

கேட்டபடியே, தன்னையறியாமல் அவள் கை பிள்ளையின் கெண்டைக்காலுக்கு இறங்கியது. போன பொங்கலன்று பைக் சைலன்சர் சுட்ட இடம். வலது கால். தடவினாள். வழவழப்பு.

இடது காலாக இருக்குமோ?

வழவழப்பு.

அவளுக்குப் பார்க்க வசதியாக, மிட்டாயைச் சப்பிக்கொண்டே குழந்தை இரண்டு காலையும் நீட்டிக் காட்டியது.