டீசல் தீர்ந்த பிறகு

வைரக்கண்ணு வந்து சேரும்போது காலை மணி ஒன்பது. பூதலூரில் வண்டி கிளம்பியது விடியற்காலை மூன்று மணிக்கு. வேதாரண்யம் வரை சாலையில் மரங்கள் கிடந்தன. ஆட்கள் வெட்டி ஒதுக்கிய இடங்களில் ஓட்டினான். மற்ற இடங்களில் அவனே இறங்கி வெட்டினான். அதற்கு முந்தைய இரண்டு இரவுகளும் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறம், இப்போது வண்டியில் ஏற்றி வந்த இதே வாடகை ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கண்ணுக்குள் மணல் உறுத்தியது.

விடிந்ததற்கான அடையாளம் வானத்தில் இல்லை. மழை சாய்வாகப் பெய்தது.

வீட்டுக்குக் கூரை பாதிதான் மிச்சம். மிச்சமிருந்த பாதியின் கீழே ஃப்ரீசர் பெட்டி. அதற்குள் காயாரோகணம். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். நேற்று மதியம் நெஞ்சு வலித்து இறந்தார். சாயங்காலம் கரண்டை நிறுத்தினார்கள். இரவு புயல் கரை ஏறியது. ஒரே மகன் ராஜசேகர் தோகாவில் வேலை. காலையில் திருச்சியில் இறங்குவதாகச் சொல்லியிருந்தான். அங்கிருந்து பஸ் ஓடவில்லை. அவன் முகம் பார்த்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

"டீசல் எவ்வளவு இருக்கு தம்பி?" காயாரோகணத்தின் மனைவி சௌந்தரநாயகி கேட்டாள்.

"டாங்க்ல இருக்கறதுதாம்மா. பங்க் எல்லாம் மூடிட்டான்."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ரெண்டு மணி வரைக்கும்."

மணி இரண்டுக்கு மேல் போனால் என்ன ஆகும் என்பது பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

விழுந்த தென்னையிலிருந்து நான்கு துண்டுகள் அறுத்துப் போட்டு, முழங்கால் தண்ணீருக்கு மேலே ஜெனரேட்டரை ஏற்றினார்கள். வீட்டுக்குள் வைக்கச் சொன்னார்கள். புகை ஆளைக் கொன்றுவிடும் என்று மறுத்துவிட்டான். மேலே தகரம், பக்கவாட்டில் தார்ப்பாய். சைலன்ஸரை மட்டும் வெளியே விட்டான். ஈரம் பட்ட இடங்களைத் துடைத்தான். ஹேண்டிலை நாலு முறை சுற்றிய பிறகு இயந்திரம் இருமியது. பிடித்துக்கொண்டது. உள்ளே பெட்டி முனகத் தொடங்கியது.

பக்கத்து வீட்டுப் பெண் செம்மொழி தயங்கித் தயங்கி வந்தாள். கையில் போன்.

"அண்ணே, இதை மட்டும் கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கட்டுமா?"

"பொணத்துக்குப் போற கரண்டுல உனக்கு வாட்ஸ்அப் கேக்குதாடி?" உள்ளேயிருந்து ஒரு கிழவியின் குரல்.

"டவரே இல்ல ஆத்தா. டார்ச்சுக்கு."

"போட்டுக்கம்மா," என்றான் வைரக்கண்ணு. சிரிக்கத் தெம்பு இல்லை.

தார்ப்பாய்க்குள் குந்தினான். டீசல் வாடை. சேற்று வாடை. கண் சொருகியது.

விழித்தபோது மணி மூன்றரை.

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

டாங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டான். அடியில் முட்டியது. வெளியே எடுத்தான்.

குச்சி காய்ந்திருந்தது.

மறுபடி விட்டான். காய்ந்தே வந்தது. மூடியில் மூக்கை வைத்துப் பார்த்தான். வாடை இல்லை. சைலன்ஸரின் நுனியில் புகையும் இல்லை. கை தானாக அதைத் தொட்டுவிட்டது. சுட்டுவிடும் என்று உடம்பு சுருங்கியது.

சுடவில்லை.

ஐஸ் போல இருந்தது.

உள்ளங்கை ஒட்டிக்கொண்டு, இழுத்தபோது தோல் பிய்ந்தது. உள்ளே போய்ச் சொல்லலாம் என்று எழுந்தான். வாசலில் சௌந்தரநாயகி நின்றாள்.

"ஓடுதா தம்பி?"

"ஓடுதும்மா."

அவ்வளவுதான் சொன்னான். ஓடினால் போதும் என்று இருந்தது. எதனால் ஓடுகிறது என்று யோசிக்க அவனிடம் எதுவும் மிச்சமில்லை.

ஐந்து மணிக்கு ராஜசேகர் வந்தான். கிடைத்த வண்டிகளில் பாதி வழி, மீதி நடை. இடுப்பு வரை சேறு. செருப்பு இல்லை. பெட்டியின் கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதான். பெண்கள் அழுதார்கள். பிறகு ஆண்கள், இருட்டுவதற்குள் எடுத்துவிடலாம் என்றார்கள்.

வைரக்கண்ணு ஸ்டாப் லீவரை இழுத்தான்.

நிற்கவில்லை.

டீசல் குழாயைக் கழற்றினான். ஒரு சொட்டு விழவில்லை. ஈரச் சாக்கைச் சுருட்டிக் காற்று இழுக்கும் வாயில் அடைத்தான். காற்று உள்ளே போகவில்லை. வெளியே வந்தது. மெதுவாக, விட்டு விட்டு, தூங்குகிறவனின் மூச்சு போல. சாக்கைத் தள்ளியது.

கையை எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினான். உள்ளே பெட்டியின் முனகல் நிற்கவில்லை.

"அண்ணே, மூடி வர மாட்டேங்குது," என்று ராஜசேகர் கத்தினான். நான்கு பேர் பிடித்தார்கள். கண்ணாடி அசையவில்லை.

எல்லாரும் விலகி நின்றார்கள். சௌந்தரநாயகி மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"பூமிகாவுக்குச் சொல்லல," என்றாள்.

பூமிகா ராஜசேகரின் தங்கை. உப்பளத்தில் வேலை பார்க்கும் வேறு சாதிக்காரனைக் கட்டிக்கொண்டு ஆறு வருடம். உப்பளத்து ஓரத்தில்தான் வீடு. நடந்தால் அரை மணி. ஆறு வருடமாக யாரும் நடக்கவில்லை.

"அவ பேச்ச எதுக்கு இப்ப எடுக்குற?"

"நான் எடுக்கல. உங்கப்பா எடுக்குறாரு."

"அம்மா."

"நேத்து போன்ல நீதான சொன்ன. அவளுக்குச் சொன்னா நான் ஃப்ளைட் ஏற மாட்டேன்னு. உன் பேச்சக் கேட்டேன். இவரு கேக்கல."

ராஜசேகர் பெட்டியைப் பார்த்தான். கண்ணாடிக்குள் பனி படர்ந்து முகம் மறைந்திருந்தது. அவன் தோள்கள் தொங்கின. அவனும் நேற்றிலிருந்து தூங்கவில்லை.

"சரி. நானே போய்க் கூட்டிட்டு வரேன்."

வாசல் படியில் இறங்கினான். தண்ணீருக்குள் கால் வைத்தான்.

அப்போது இயந்திரத்தின் சத்தம் மாறியது.

ஒரு நொடி தயங்கியது. பிறகு தாழ்ந்த குரலில் இழுக்க ஆரம்பித்தது.

"என்னண்ணே அது?"

வைரக்கண்ணுவுக்குச் சத்தம் போதும். பதினேழு வருடம்.

"லோடு ஏறுது."

"எதால?"

"லைட்டு, ஃபேன் இல்ல தம்பி. இன்னொரு பெட்டி மாட்டுனா இப்படி இழுக்கும்."

"பெட்டி ஒண்ணுதான இருக்கு."

வைரக்கண்ணு கையிலிருந்த ஒயரை உயர்த்திக் காட்டினான். அதன் நுனியிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டியது.

மழை விட்டிருந்தது. கிழக்கே முதல் முறையாகத் தூரம் தெரிந்தது. உப்பளத்தின் மேல் கடல் இன்னும் வடியாமல் நின்றது. அதன் ஓரத்தில் இருந்த வீட்டு வரிசையைத் தேடினார்கள். ஒரு சுவர்கூட இல்லை. தண்ணீர் மட்டும் சமமாக மினுங்கியது.

சௌந்தரநாயகி வாசலுக்கு வந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"நேத்தே சொல்லியிருந்தா," என்றாள், "ராத்திரி இங்க இருந்திருப்பா."

இயந்திரம் இரண்டு பெட்டிகளுக்கு ஓடிக்கொண்டிருந்தது.